கேட்போர் கடன்
பெண் தலைமை ஏற்கும் அறிவியல் ஒலிநாடகங்களும் நேயர் மனமும்

நாடகத்தைக் காண்பவரைப் பார்வையாளர் என்கிறோம். நூலைப் படிப்பவரை வாசகர் என்கிறோம். இவ்விரு சொற்களும் அவரவர் செய்யும் தொழிலைக் குறிப்பன. ஆனால் வானொலியைக் கேட்பவரைக் குறிக்க நம்மிடையே நிலைபெற்ற சொல் 'நேயர்' என்பதாகும். அது செவியின் தொழிலைச் சொல்லாது நெஞ்சின் நிலையைச் சொல்கிறது. நேயம் உடையவர் நேயர். முகங்காணாத ஒரு குரலின்பால் அன்பு பூண்டு, அஞ்சலட்டை வாங்கித் தம் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்பியோரை இலங்கை வானொலி இப்பெயராலேயே அழைத்து வந்தது. அப்பெயர் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. எனினும் அதனுள்ளே ஓர் அறவியல் வினா மறைந்துள்ளது. ஒரு கதையின்மீது கொண்ட நேயம் கேட்பவருக்கு எதனை அளிக்கிறது? அக்கதை இன்னவாறே அமைதல் வேண்டும் எனக் கோரும் உரிமையையா? அன்றி, அதனை இன்னவாறு கேட்டல் வேண்டும் என்னும் கடமையையா?

இவ்வினா என்னுள் எழுந்த சந்தர்ப்பத்தைக் கூறுதல் ஈண்டுப் பொருந்தும். கண்டி நகரில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருந்த நண்பர் ஒருவரின் இருப்பிடத்தில், மழை விடாது பெய்த ஒரு வாரவிறுதியில், ஆணும் பெண்ணுமாகக் கலைப்பீட மாணவர் அறுவர் கூடியிருந்தோம். ஹந்தானை மலை முகிலுக்குள் மறைந்திருந்தது. மின்சாரமும் நின்றுவிட்டது. கைப்பேசியில் ஏதேனும் ஒலிநாடகம் கேட்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். அவரிடம் இருந்தது 'த எய்த் ஒவ் மார்ச்' என்னும் ஆங்கிலத் தொகுப்பாகும். 'பிக் ஃபினிஷ்' என்ற பிரித்தானிய ஒலிநாடக நிறுவனம் 2019ஆம் ஆண்டின் அனைத்துலகப் பெண்கள் தினத்தன்று, அதாவது மார்ச் 8இல், அதனை வெளியிட்டது. பி.பி.சி. தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23இல் தொடங்கிய 'டொக்டர் ஹூ' என்னும் அறிவியற் புனைவுத் தொடரின் உலகமே அதன் களம். அத்தொடரின் நாயகர் காலத்தினூடே பயணம் செய்பவர். சாகுந்தறுவாயில் உடல் மாறிப் புதுமுகம் பெறுபவர். இத்தொகுப்பின் நான்கு நாடகங்களிலும் அவர் தலைமை ஏற்பதில்லை. தொல்லியற் பேராசிரியை பேர்னிஸ் சமர்ஃபீல்ட், வீராங்கனை லீலா முதலாய பெண் பாத்திரங்களே கதையை நடத்திச் செல்கின்றனர். நாடகங்களை எழுதியோரும் பெண்கள். நெறிப்படுத்தியவரும் ஹெலன் கோல்ட்வின் என்னும் பெண்மணியே.

இவ்விவரங்களைச் சொல்லி முடித்ததும் அறையில் நான்கு கருத்துகள் எழுந்தன. இது பெண்கள் தினத்துக்கென்று செய்யப்பட்ட சடங்கு, இதில் கலை இராது என்றார் ஒருவர். பெண்களே எழுதி நடத்தியதாகையால் இது நிச்சயம் சிறந்ததாகவே இருக்கும் என்றார் இன்னொருவர். அத்தொடரைச் சிறுவயது முதல் அறிந்த மூன்றாமவர், தம் டொக்டர் இல்லாத கதை தமக்கு எதற்கு என்று மனத்தாங்கலுடன் கேட்டார். பேர்னிஸ் போன்றோர் ஏற்கெனவே தனித்து நிற்கக்கூடியவர்களாயிருக்க, அவர்களை ஒரு நாளுக்குரியவராக ஒன்றுதிரட்டுவது ஏன் என்றார் நான்காமவர். இக்கருத்துகள் எங்கள் அறைக்கே உரியனவல்ல. 2017 யூலையில் ஜோடி விற்றேக்கர் என்னும் நடிகை அத்தொடரின் முதலாவது பெண் டொக்டராக அறிவிக்கப்பட்டபோதும் நேயர் உலகம் இவ்வாறே பிளவுண்டது. மகிழ்ந்தோர் பலர், தம் இளமைத் தோழனைப் பறிகொடுத்தவர் போலக் கலங்கியோரும் பலர். அவர் தலைமை ஏற்ற தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியதோ 2018 ஒக்டோபரில்தான். இங்கு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. எங்கள் அறையில் நான்கு தீர்ப்புகள் வழங்கப்பட்டபோது நாடகத்தின் ஒரு குரலேனும் ஒலித்திருக்கவில்லை.

மூன்றாமவரின் கூற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். அதுவே இவற்றுள் வலிமை மிக்கது. ஒலிநாடகம் ஏனைய கலைகளிலும் பார்க்கக் கேட்பவரை அதிகம் நம்பியிருக்கிறது. மேடையில் வீடு கட்டப்பட்டிருக்கும். திரையில் வீடு படமாக வந்துவிடும். வானொலியிலோ ஒரு கதவு கிரீச்சிடும் ஓசை மட்டுமே வரும். வீட்டைக் கட்டுபவர் கேட்பவரே. சில்லையூர் செல்வராசன் எழுதி, மக்கள் வங்கியின் விளம்பர நிகழ்ச்சியாக ஒலிபரப்பான 'தணியாத தாகம்' நாடகத்தின் மாந்தரைப் பற்றி, எங்கள் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டாரைப் பற்றிப் பேசுவது போலவே பேசிக்கொண்டனர் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக் கிராமத்தை ஒருநாளும் கண்டிராத அவர்கள், தமக்குத் தெரிந்த முற்றத்தையும் அடுப்படியையும் கொண்டே அந்நாடகத்துக்கு வீடு அமைத்தனர். இவ்வாறு பாதிக் கதையைத் தன் மனத்தில் தானே ஆக்கிய ஒருவர், 'இக்கதை என்னுடையது' என்று கூறுவது பிழையாகுமா?

பிழையன்று என்றே கருதுகிறேன். ஆயினும் அக்கூற்றின் எல்லையை வரையறுத்தல் வேண்டும். நேயர் தம் மனத்தில் ஆக்கிய பகுதி என்றும் அவருடையதே. புதிய நாடகம் ஒன்று வருவதால் பழைய நாடகம் அவர் நெஞ்சிலிருந்து பறிக்கப்படுவதில்லை. அவர் உண்மையிற் கோருவது தாம் ஆக்கியதை அன்று. இனி ஆக்கப்படப் போவதையும் அதனைக் கேட்கப்போகும் பிறர் செவியையுமே. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் தேர் வடம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தோள் கொடாவிடில் தேர் அசையாது. எனினும் இருபது ஆண்டுகள் வடம் பிடித்தவருக்கும் தேர் சொந்தமாவதில்லை. அது தம் லயத்து வாசலில் மட்டுமே நிற்கவேண்டும் என்று அவர் சொல்வாராயின் ஊர் ஒப்பாது. உழைப்பு அவருக்கு நெருக்கத்தைத் தருகிறது, மதிப்பைத் தருகிறது. பிறர் வாசலை மறுக்கும் அதிகாரத்தைத் தருவதில்லை. நேயம் பற்றியும் இதுவே கூறத்தக்கது.

அடுத்து, முதலாமவரின் கூற்று. 'இது சடங்கு' என்ற தீர்ப்பின் அடியில் 'ஏன் பெண்?' என்ற வினா கிடக்கிறது. தலைமை ஏற்பவள் பெண்ணாயின் அதற்கொரு காரணம் காட்டப்படல் வேண்டும். காரணம் காட்டாவிடில் அது செயற்கை என்பது அதன் பொருள். நமது வானொலி நாடக வரலாற்றைச் சற்று நோக்குவோம். இலங்கையர்கோன் எழுதிச் சானா அளித்த 'லண்டன் கந்தையா', 'விதானையார் வீட்டில்' ஆகியன நேயர் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றவை. பின்னாளில் கே. எஸ். பாலச்சந்திரனின் 'வாத்தியார் வீட்டில்' அவ்வாறே புகழ் பெற்றது. இப்பெயர்களை ஒருசேர வைத்துப் பாருங்கள். ஒன்று ஆடவரின் பெயர். ஏனையவை ஆடவருக்குரிய வீடு. அவ்வீடுகளில் பெண்குரல்கள் ஒலிக்கவில்லையா எனில், ஒலித்தன. ராஜேஸ்வரி சண்முகம் போன்ற பெருங்கலைஞர்கள் வானொலி நாடகத்துக்கு உயிர் கொடுத்தவர்கள். ஆயினும் வீட்டின் பெயர்ப்பலகை விதானையாருடையதாகவோ வாத்தியாருடையதாகவோ இருந்தது. இதனை அந்நாடகங்களின் குறையாகச் சொல்லவில்லை. அவை தம் காலத்து வீடுகளை உள்ளவாறு காட்டின. நான் சுட்ட விழைவது வேறொன்று. 'ஏன் விதானையார்? ஏன் அவர் மனைவி அன்று?' என்று கேட்க எவருக்கும் தோன்றியிராது. ஆணுக்குக் காரணம் வேண்டப்படுவதில்லை, பெண்ணுக்கு வேண்டப்படுகிறது. அநீதி பெரும்பாலும் விடையில் இருப்பதில்லை. யாரிடம் வினவுகிறோம், யாரிடம் வினவாது விடுகிறோம் என்பதிலேயே இருக்கிறது.

இவ்வினாவை நானும் ஒருமுறை எதிர்கொண்டேன். உயர்தர வகுப்பில் பயின்ற காலத்தில் ஒரு போட்டிக்கென ஒலிநாடகம் ஒன்று எழுதினேன். லயத்தில் பிறந்த பதினாறு வயதுப் பெண்ணொருத்தி, பழுதான வானொலிப் பெட்டியைத் திருத்த முயலும்போது, விண்ணிலிருந்து ஒழுங்கான இடைவெளியுடன் வரும் ஓர் ஓசையைக் கேட்கிறாள். சொன்னால் எவரும் நம்பவில்லை. ஓசை தெளிவாகக் கேட்கும் இடம் தேடி அவள் இரவில் மலையுச்சிக்கு ஏறுகிறாள். பிரதியைப் படித்த பொறுப்பாளர் ஒருவர், "கதை நல்லா இருக்கு. ஆனா இதில ஏன் ஒரு பொம்பிளைப் பிள்ளை? இரவில தனியா மலை ஏறுவாளா?" என்று கேட்டார். அவர் தீய எண்ணத்துடன் கேட்கவில்லை. என்னிடம் விடை இருக்கவில்லை. அவளை ஒரு பையனாக மாற்றினேன். பெயரை மாற்றினேன், வினைமுற்றுகளை மாற்றினேன். வேறெதையும் மாற்றத் தேவை ஏற்படவில்லை. நாடகம் பாராட்டுப் பெற்றது. அப்பையன் ஏன் இரவில் தனியே மலை ஏறினான் என்று ஒருவரும் கேட்கவில்லை. வினைமுற்றை மாற்றிய அளவில் ஒரு வினா மறைந்து போயிற்று என்பதை எண்ணும்தோறும் இன்றும் எனக்கு நாணமாக இருக்கிறது.

பெண் தலைமை ஏற்கும் அறிவியற்கதை மேனாட்டிலிருந்து அண்மையில் வந்திறங்கிய சரக்கு என்று கூறுவாரும் உளர். அது வரலாற்றுக்குப் பொருந்தாது. நமது மணிமேகலை வான்வழியே இயங்கியவள்; வேற்றுரு எடுத்தவள்; மணிபல்லவத்தில் பெற்ற அமுதசுரபியால் பசிப்பிணி தீர்த்தவள். அவள் செய்தவற்றை மந்திரம் என்றது அக்காலம். கருவி என்றிருக்கும் இக்காலம். 1905ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மகஸின்' என்ற இதழில், வங்கத்து ரொக்கேயா சகாவத் ஹொசைன் 'சுல்தானாவின் கனவு' என்னும் ஆங்கிலக் கதையை வெளியிட்டார். அக்கதையின் பெண்ணாட்டில், பெண்களின் பல்கலைக்கழகம் ஒன்று முகிலிலிருந்து நீரை எடுக்கிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேகரிக்கிறது. ஆடவர் வீட்டினுள்ளே இருக்கின்றனர். 'டொக்டர் ஹூ' தொடரைக்கூட 1963இல் முதல் தயாரிப்பாளராக நின்று உருவாக்கியவர் வெரிற்றி லாம்பேட் என்னும் இளம்பெண். பிக் ஃபினிஷ் நிறுவனம் 1999இல் டொக்டரின் ஒலிநாடகங்களை வெளியிடத் தொடங்குமுன், 1998இல் முதன்முதலாக வெளியிட்டது பேர்னிஸைத் தலைவியாகக் கொண்ட நாடகத்தையே. ஆகவே பெண்கள் வந்து புகுந்தனர் என்பது பொருந்தாது. அவர்கள் தொடக்கத்திலேயே இருந்தனர்.

ரொக்கேயாவின் கதைக்குக் கிடைத்த முதல் எதிர்வினை நம் வினாவுக்கு மிக நெருங்கியது. அக்கதையை அவருடைய கணவர் நின்றவாறே படித்து முடித்து, இது பயங்கரமான பழிவாங்கல் என்று கூறியதாகச் சொல்லப்படுகிறது. வியந்து கூறினாரோ நகைத்துக் கூறினாரோ அறியோம். அவர் மனைவியின் கல்வியையும் எழுத்தையும் ஊக்கிய நல்லவர். அத்தகையவருக்கும் பெண்கள் நீரும் வெயிலும் ஆளக் கற்ற கதை, ஆண்கள் அடைக்கப்பட்ட கதையாகவே முதலில் தோன்றியது. பிறரைப் பற்றிய கதையை அவர் தம்மைப் பற்றிய கதையாகப் படித்தார். நேயர் பலரின் மனத்தாங்கலுக்கும் இதுவே வேர் என எண்ணுகிறேன். இவ்வளவு காலமும் கதை தன்னை நோக்கியே பேசக் கேட்டுப் பழகியவருக்கு, அது இன்னொருவரை நோக்கித் திரும்பும்போது தன்னைப் புறக்கணிப்பதாகத் தோன்றுகிறது. அத்துன்பம் போலியன்று. எனினும் அத்துன்பத்தை மற்றவர் இழைத்த தீங்கு எனக் கொள்வதே தவறு.

மெய்யியலாளர் மிரண்டா ஃப்ரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலில், கேட்பவரின் முற்சார்பு காரணமாகச் சொல்பவரின் சொல் உரிய மதிப்பை இழப்பதை அறிவு சார்ந்த ஓர் அநீதியாக விளக்குகிறார். பொய் கூறுதலும் களவும் மட்டுமன்றி, ஒருவரைச் சரியாகக் கேளாமையும் அறப்பிழையே என்பது இதன் கருத்து. ஒலிநாடகத்துக்கு இது பெரிதும் பொருந்தும். அங்கே குரலையன்றி வேறு சான்று இல்லை. டேவிட் ஹியூம் 1757இல் சுவை பற்றி எழுதிய கட்டுரையில், கலையை மதிப்பிடுவோன் ஆக்கியோன்பால் தனக்குள்ள நட்பையும் பகையையும் மறந்து நிற்றல் வேண்டும் என்றார். வள்ளுவரும் கேள்வியைச் செல்வங்களுள் தலையாயதாக வைத்தார். சொல்பவர் யாராயினும் சொல்லின் மெய்ம்மையைக் காணச் சொன்னார். கேட்டல் என்பது காது திறந்திருக்கும் நிலை மட்டுமன்று. பயின்று பெறவேண்டிய ஒழுக்கம் என்பதில் இவர்கள் ஒன்றுபடுகின்றனர்.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். 'அவ்வாறாயின் பெண் தலைமை ஏற்கும் எந்நாடகத்தையும் விரும்பியே ஆகவேண்டுமோ? விரும்பாதவன் முற்சார்புடையவனோ?' என்பது அது. நியாயமான தடை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இதற்கு நல்ல உதாரணம். ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் தூர்தர்ஷனிலும் ஒளிபரப்பான அக்கதையின் தலைவி நிலா. காணாமற்போன கணவனைத் தேடி, சர்வாதிகார ஆட்சியொன்றின் உள்ளே நுழையும் பெண் அவள். ஆனால் மக்கள் மனத்தைக் கொள்ளைகொண்டது ஜீனோ என்னும் இயந்திர நாய். தொடர்ந்து வந்த நூலின் பெயரும் 'மீண்டும் ஜீனோ' என்றே அமைந்தது. வாசகர் பெண்ணை வெறுத்து நாயை நேசித்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ளல் ஆகாது. ஜீனோ நகைச்சுவையும் சிந்தனையும் உடையது, தானே முடிவெடுப்பது, ஆதலால் அவர்கள் அதன் பக்கம் சாய்ந்தனர். இதிலிருந்து எழுத்தாளர் கற்கவேண்டியது ஒன்றுண்டு. பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்துவதால் மட்டும் அவள் தலைவியாகிவிடுவதில்லை. அவள் முடிவெடுத்தல் வேண்டும், தவறுதல் வேண்டும், தவற்றின் விலையை அவளே செலுத்துதல் வேண்டும். நேயர் கற்கவேண்டியதும் ஒன்றுண்டு. விருப்பின்மை குற்றமன்று, கேட்டபின் பிறந்த விருப்பின்மை நேர்மையானது. கேளாமுன் பிறந்தது அத்தகையதன்று.

இனி எங்கள் அறைக்குத் திரும்புவோம். நாடகம் நிச்சயம் சிறந்ததாகவே இருக்கும் என்று கேளாமுன் சொன்ன இரண்டாமவர் நானே. நான்கு நாடகங்களையும் இருளில் கேட்டு முடித்தோம். அவற்றுள் ஒன்று என்னைக் கவரவில்லை. அதனைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னால் முதலாமவர் வென்றதாகிவிடும் என்று அஞ்சினேன். அவரோ அந்நாடகமே தமக்குப் பிடித்ததென்றார். அப்போதுதான் என் பிழை எனக்கு விளங்கிற்று. அவர் கேளாது இகழ்ந்தார். நான் கேளாது புகழ்ந்தேன். இருவரும் அப்பெண்களின் குரலைக் கேட்குமுன்னரே அவர்களை ஒரு கட்சியின் கொடியாக்கிவிட்டோம். கொடியை யாரும் கேட்பதில்லை. ஏந்துவர் அல்லது கிழிப்பர். நான்காமவரின் கூற்றே எங்களுள் உண்மைக்கு அண்மித்தது எனலாம். அப்பெண்களுக்குரிய இடம் ஒரு நாளன்று. எனினும் அந்த ஒரு நாள் இல்லாதிருந்தால் எங்கள் அறையில் அக்குரல்கள் ஒலித்திருக்குமா என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே, நேயம் தருவது உரிமையைக் காட்டிலும் கடமையையே என்பது என் முடிபு. கேட்டபின் தீர்ப்பளித்தல், ஆணிடம் கேளாத காரணத்தைப் பெண்ணிடமும் கேளாதிருத்தல், எல்லாக் கதையும் என்னைப் பற்றியதன்று என ஒப்புதல் ஆகிய இம்மூன்றுமே கேட்போர் கடன்.

இக்கடனை நூல் எதுவும் படியாமலே நிறைவேற்றிய ஒருவரை நான் அறிவேன். என் நாடகத்தின் முதற்பிரதியை, கொழுந்து பறித்துத் திரும்பி அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருந்தேன். அவர் 'ஏன் பொம்பளப் புள்ள?' என்று கேட்கவில்லை. மலையில் குளிருமே, கம்பளி எடுத்துப் போனாளா என்று மட்டும் கேட்டார். பின்னர் பரிசு பெற்ற பிரதியைப் படித்தபோது, சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் புள்ள எங்க போயிருச்சு?" என்றார். நான் விடை சொல்லவில்லை. அவ்வினாவுக்கு விடையாக, அந்நாடகத்தை அவளுடைய பெயரிலேயே மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.